போடன்சே ஏரியைச் சுற்றி ஒரு வாரம்: முதல்முறை சைக்கிளில் கிளம்பும் நண்பர் குழுவுக்கு

வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "சைக்கிளில் ஒரு வாரம் சுற்றப் போகலாமா?" என்று ஆரம்பித்தால் போதும், சற்று நேரத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் என்பவர்கள் ஒரு பக்கம். கல்லூரி முடித்ததோடு சைக்கிளைத் தொடாதவர்கள் மறுபக்கம். இந்த இரண்டு கட்சியையும் சண்டை இல்லாமல் ஒன்றாகக் கூட்டிப்போக ஐரோப்பாவில் எங்கே போகலாம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் போடன்சே ஏரியைத்தான் சொல்வேன்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் சந்திக்கும் இடத்தில், ஆல்ப்ஸ் மலையின் காலடியில் இருக்கிறது இந்த ஏரி. பரப்பு 536 சதுர கிலோமீட்டர். கரையை ஒட்டி ஏரியை முழுதாகச் சுற்றிவரும் சைக்கிள் பாதை ஏறக்குறைய 260 கிலோமீட்டர். பெரும்பகுதி சமதளம். அழகான ஏரிகள் எங்கும் உண்டு. இங்கே உள்ள வசதி வேறு: கரை நெடுக ரயில் நிலையங்களும் படகுத்துறைகளும் இருக்கின்றன. முட்டி வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவரைச் சைக்கிளோடு ரயில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் மிதிக்கலாம். சாயங்காலம் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடலாம்.

ஆகவே திட்டத்தை முழுக்க மெதுவாகப் போகிறவரின் காலை வைத்தே போடுங்கள். வேகமானவர்களுக்கு மலை ஏறுவது, கூடுதலாக ஒரு சுற்று போவது என்று எதையாவது சேர்த்துக்கொடுக்கலாம். மெதுவானவருக்கு வேகத்தைச் சேர்த்துக்கொடுக்க வழியே இல்லை.

எப்போது போவது

மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். என் ஓட்டு செப்டம்பருக்கு. ஆப்பிள் பழுத்திருக்கும், திராட்சை அறுவடை தொடங்கும், தண்ணீர் இன்னும் குளிக்கும் சூட்டில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம். பாதையே நெரிசலாகிவிடும், ஒரே ஒரு இரவுக்கு அறை கேட்டால் பல விடுதிகள் தரவே தயங்கும். மதியத்துக்கு மேல் இடி மழையும் அந்த மாதங்களில்தான் அதிகம்.

சனிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளிக்கிழமை முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் உண்டு. மூன்று நாட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரும்பாலான சைக்கிள் கடைகளும் அப்படித்தான். சனியன்று தொடங்கினால் மேர்ஸ்பூர்க், லிண்டாவ் போன்ற கூட்டம் அலைமோதும் ஊர்களுக்கு வார நடுவில் போய்ச்சேர்வீர்கள். அறை சுலபமாகக் கிடைக்கும், விலையும் கொஞ்சம் இறங்கும்.

காகிதம், பணம், போன்

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசா மூன்று நாட்டுக்கும் செல்லும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், சில சமயம் கேட்பார்கள். பயணக் காப்பீடு சுவிட்சர்லாந்தையும் சேர்த்துத்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்துக்கு மூன்று நாட்டிலும் 112.

போனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜெர்மன் சிம்மில் இருக்கும் ஐரோப்பிய ரோமிங் சுவிட்சர்லாந்தில் செல்லும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஏரிக்கு அந்தப்பக்கக் கோபுரத்தை, நீங்கள் ஜெர்மனிக் கரையில் நிற்கும்போதே போன் பிடித்துக்கொள்ளும். சிம் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் வரைபடத்தை முழுதாக இறக்கிவைத்துக்கொண்டு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

பணத்துக்கு ஒரு பொதுப்பை வையுங்கள். முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, காப்பி, படகு, பழம் எல்லாம் அதிலிருந்து எடுப்பது. ஒவ்வொரு பேக்கரியிலும் நின்று யார் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மூன்றாம் நாள் நட்பே கசந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியாவுக்கு யூரோ, சுவிட்சர்லாந்துக்கு பிராங்க். கார்டு பரவலாக எடுக்கிறார்கள். இருந்தாலும் சில்லறை வேண்டும். தோட்டத்து ஓரங்களில் ஒரு மரத் தட்டில் ஆப்பிளும் பிளம்ஸும் அடுக்கி, பக்கத்தில் துளை போட்ட தகரப் பெட்டி ஒன்றை வைத்திருப்பார்கள். ஆள் இருக்க மாட்டார். விலை எழுதியிருக்கும், காசைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெட்டியில் கார்டு தேய்க்க முடியாது. சாலையோர மரத்தில் கைக்கெட்டுகிற பழம் மட்டும் யாரோ ஒருவருடைய தோட்டம், அதைத் தொடாதீர்கள்.

சைக்கிளை வாடகைக்கு எடுப்பது

கான்ஸ்டன்ஸ் நகரிலிருந்து தொடங்குவது வசதி. சூரிச் விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாடகைக் கடைகளும் அங்கே இருக்கின்றன. ஒரு வாரத்துக்குச் சாதாரண டூரிங் சைக்கிளுக்கு 100 யூரோ, அதற்கு மேலும் கேட்பார்கள். பேட்டரி சைக்கிள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழுவில் தயங்கித் தயங்கி வருபவர் யாராவது இருந்தால் அவருக்குப் பேட்டரி சைக்கிள் எடுத்துக்கொடுங்கள், கிண்டல் செய்யாதீர்கள். அங்கே அறுபது வயதுத் தம்பதிகள் முக்கால்வாசிப் பேர் அதில்தான் போகிறார்கள்.

கடையிலேயே செய்ய வேண்டியவை சில. முதலில் சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான அளவு. நம் ஆட்கள் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கிவைத்துக்கொள்கிறார்கள். பத்துக் கிலோமீட்டருக்குத் தெரியாது, முப்பதில் முட்டி பேசும்.

அடுத்தது பிரேக். அங்குள்ள சில சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். சும்மா பெடலைப் பின்னால் சுற்றும் பழக்கம் உள்ளவர்கள் முதல் திருப்பத்திலேயே தடுமாறுவார்கள். கைப்பிடியிலும் இடது கைதான் பெரும்பாலும் முன் பிரேக். கடை வாசலில் நாலு முறை நின்று நின்று ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கேட்டு வாங்க வேண்டியவை: பூட்டு, ஸ்பேர் டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், சக்கரத்தின் வால்வுக்குப் பொருந்தும் பம்ப். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஊரிலேயே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து டியூப் மாற்றிப் பழகிவிடுங்கள்.

பையை முதுகில் மாட்டாதீர்கள். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளை வாடகைக்கே தருவார்கள். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் கவரை விரித்து, அதற்குள் துணியை வைத்தால் மழை பெய்தாலும் ஜட்டி நனையாது. இரண்டு செட் துணி போதும், இரவில் துவைத்துக் காயப்போடலாம். பஞ்சு வைத்த சைக்கிள் அரைக்கால் சட்டை மட்டும் நல்லதாக இரண்டு வாங்குங்கள். அதை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். கூச்சப்பட்டு உள்ளே ஒன்று போட்டால் அதன் தையல் உராய்ந்து மூன்றாம் நாள் உட்கார முடியாது.

உடம்பைத் தயார்செய்யப் பெரிய பயிற்சி தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய சில வாரங்களில் வார இறுதி தோறும் 20, 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதில் ஒரு முறையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

கடிகார முள் சுற்றும் திசையில். அங்கே சாலையின் வலதுபக்கம்தான் போக வேண்டும். இந்தத் திசையில் போனால் ஏரியும் உங்களுக்கு வலதுபக்கமே இருக்கும், நடுவில் சாலை குறுக்கிடாது. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் போகிறார்கள் என்பதால் எதிரே வரும் கூட்டமும் குறைவு. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். வடகரையில் அது முதுகைத் தள்ளும், தென்கரையில் முகத்தில் அடிக்கும். இதைக் கடைசி நாள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையை அடையாளம் காண்பது எளிது. சைக்கிள் ஓட்டுபவரின் படமும், பின்சக்கரம் மட்டும் நீலமாக நிரப்பிய சின்னமும் உள்ள பலகையைத் தேடுங்கள். சுவிட்சர்லாந்துக்குள் சிவப்புப் பலகைகள், அதில் 2 என்ற எண் இருக்கும். ரைன் நதிப் பாதையின் எண் அது. தென்கரையில் இரண்டும் ஒன்றாகப் போகும்.

இடதுபக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு ஆபத்து நெடுஞ்சாலையில் இல்லை. காப்பி குடித்துவிட்டு, ஆளில்லாத சந்திலிருந்து மறுபடி கிளம்புகிற அந்த நொடியில் இருக்கிறது. கை தானாக இடதுபக்கம் திரும்பும். முதல் இரண்டு நாளும் கிளம்பும்போதெல்லாம் முன்னால் போகிறவர் "வலது" என்று சத்தமாகச் சொல்லட்டும். பலகையோ சிக்னலோ இல்லாத ஜெர்மன் சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அபராதம். பழைய ஊர்களின் நடைபாதைத் தெருக்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அங்கே பெல் அடித்தால் முறைப்பார்கள்.

குழுவுக்கு இரண்டு விதி போதும். வழி நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் முன்னால், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போனவர் நின்று, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். கடைசி ஆள் வந்துசேர்ந்த உடனே மற்றவர்கள் கிளம்பக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக வருபவருக்கு ஓய்வே கிடைக்காமல் போவது இப்படித்தான்.

ஏழு நாள் வழி

முதல் நாளை ஒத்திகையாக வையுங்கள். சைக்கிளை எடுத்ததும் பைகளை அறையில் போட்டுவிட்டு ரைக்கெனாவ் தீவுக்குப் போய்வாருங்கள். போக வர 25 கிலோமீட்டர் சொச்சம். இருபுறமும் பாப்லர் மரங்கள் நிற்கும் கரைப்பாதை ஒன்று தீவை நிலத்தோடு இணைக்கிறது. 724ல் தொடங்கிய மடம், பழைய தேவாலயங்கள் மூன்று, சுற்றிலும் வெள்ளரியும் தக்காளியும் கீரையும் விளையும் தோட்டங்கள். யுனெஸ்கோ 2000ல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சீட் குத்துகிறதா, கியர் சத்தம் போடுகிறதா என்பதெல்லாம் இந்த ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். கடை மூடுவதற்குள் திரும்பி வந்து சரிசெய்துகொள்ளலாம். சனிக்கிழமை சீக்கிரம் மூடுவார்கள், ஆகவே காலையிலேயே எடுங்கள். சாயங்காலம் துறைமுகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் இம்பீரியா என்ற கணிகையின் சிலையைப் பாருங்கள். ஒன்பது மீட்டர் உயரம், நாலு நிமிடத்துக்கு ஒரு சுற்று. 1414 முதல் 1418 வரை இந்த ஊரில் நடந்த திருச்சபை மகாசபையைக் கேலிசெய்து 1993ல் நிறுவியது. இரண்டு கையிலும் போப்பையும் பேரரசரையும் குட்டி பொம்மைகளாக ஏந்தி நிற்கிறாள்.

இரண்டாம் நாள் எல்லையைத் தாண்டி க்ரொய்ஸ்லிங்கன் வழியாக, ஏரியின் சிறிய கையான உன்டர்சேயின் தென்கரையில் ஷ்டைன் அம் ரைன் வரை. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எர்மாட்டிங்கன், ஷ்டெக்போர்ன் என்று மரச்சட்டம் வைத்த வீடுகள் நிற்கும் ஊர்கள். ஷ்டைனில் ஏரி முடிந்து ரைன் மறுபடி நதியாகிறது. ஊரின் சதுக்கத்து வீடுகளில் சுவரெல்லாம் ஓவியம். மதியத்துக்குள் வந்துவிட்டால், சைக்கிளைப் பூட்டிவிட்டு ரயிலில் ஷாஃப்ஹவுசன் பக்கம் போய் ரைன் அருவியைப் பார்த்து வரலாம். 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். தூங்குவதற்கு மட்டும் ஷ்டைனில் நிற்காமல் பாலம் தாண்டிச் சில கிலோமீட்டர் தள்ளி ஜெர்மனிக்குள் இருக்கும் ஓனிங்கன் பக்கம் அறை எடுங்கள். எல்லைக்கு இந்தப்பக்கம் வந்ததும் அறை விலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கும்.

மூன்றாம் நாள் ஹோரி தீபகற்பம் வழியாக ராடோல்ஃப்செல் வரை, 27 கிலோமீட்டரை ஒட்டி. சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. இந்தப் பகுதியில் ரயில் கிடையாது, படகுதான் மாற்று. அதனால்தான் தூரத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். ஹெம்மன்ஹோஃபனில் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1936 முதல் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. நாஜிகள் அவரைப் பேராசிரியர் வேலையிலிருந்து நீக்கிய பிறகு இங்கே ஒதுங்கியவர். இந்தப் பக்கத்துச் சிவப்பு வெங்காயமும் பெயர்போனது. காரம் குறைவு, பச்சையாகவே தின்னலாம்.

நாலாம் நாள் ராடோல்ஃப்செல்லிலிருந்து மேர்ஸ்பூர்க், 43 கிலோமீட்டர் அளவில். முதல் பகுதி ஏரியை விட்டு உள்ளே போகும். இந்த 15 கிலோமீட்டரைச் சலிப்பு என்று சொல்பவர்கள் லுட்விக்ஸ்ஹாஃபன் வரை ரயிலில் போய்விடலாம், ஒன்றும் நஷ்டமில்லை. பிறகு சிப்ளிங்கன். அங்கிருந்துதான் ஏரித் தண்ணீரை இறைத்து, ஸ்டுட்கார்ட் உட்பட பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் சுமார் 40 லட்சம் பேருக்குக் குடிநீராக அனுப்புகிறார்கள். யூபர்லிங்கன் கரையோர நடைபாதையில் ஐஸ்கிரீம். அதைத் தாண்டி ஒரு சின்ன ஏற்றத்தில் பிர்னாவ் தேவாலயம். அப்புறம் உன்டருல்டிங்கனில் கற்காலத்து, வெண்கலக்காலத்துக் கால்நட்ட வீடுகளைத் தண்ணீருக்கு மேலேயே மறுபடி கட்டி வைத்திருக்கும் அருங்காட்சியகம். குழந்தைகளுக்கானது என்று தாண்டிப் போகாதீர்கள், நன்றாகவே இருக்கும். மேர்ஸ்பூர்க்கில் மேலூர், கீழூர் என்று இரண்டு உண்டு. அறை எடுக்கும்போது கீழூரில் எடுங்கள். மேலூர் செங்குத்து, அன்றைய களைப்பில் பையோடு சைக்கிளைத் தள்ள மனசு வராது. இந்த ஊருக்கும் ரயில் இல்லை. ஆனால் கான்ஸ்டன்ஸுக்கு இரவு பகலாக ஓடும் கார் படகு இருக்கிறது, பதினைந்து நிமிடம். குழுவில் யாருக்காவது உடம்பு சரியில்லை, பாதியில் முடித்துக்கொள்ள வேண்டும் என்றால் இதுதான் இடம்.

ஐந்தாம் நாள்தான் என் கணக்கில் இந்தச் சுற்றிலேயே சிறந்த நாள். மேர்ஸ்பூர்க்கிலிருந்து லிண்டாவ், 45 கிலோமீட்டர். காலையில் ஹாக்னாவ் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பாதை. எதிர்க்கரையில், வானம் தெளிவாக இருந்தால், ஸென்டிஸ் மலை. ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் செப்பலின் என்ற ஆகாயக் கப்பலுக்கான அருங்காட்சியகம் பழைய துறைமுக ரயில் நிலையத்தில் இருக்கிறது. 1900 ஜூலை 2 அன்று முதல் செப்பலின் இந்த ஏரியின் மேல்தான் பறந்தது. இப்போதும் 75 மீட்டர் நீளப் புதிய செப்பலின் ஒன்று தலைக்கு மேலே மெதுவாகப் போவதைப் பார்க்கலாம். ஊரைத் தாண்டியதும் எரிஸ்கிர்ஷ் சதுப்பு நிலம். மே கடைசியில் போனால் புல்வெளி முழுக்க நீல ஐரிஸ் பூத்திருக்கும். செப்டம்பரில் போகச் சொன்ன நானே இந்த ஒரு காட்சிக்காக மே மாதக்காரர்களிடம் தோற்றுப்போகிறேன். லாங்கனார்கனுக்கு அப்பால் ஆர்கன் நதியின் மேல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கம்பித் தொங்குபாலம் இருக்கிறது, நின்று பாருங்கள். பீருக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் கொடிப் பந்தல்கள், ஆப்பிள் தோட்டங்கள், வாசர்பூர்க், பிறகு பவேரியச் சிங்கமும் கலங்கரை விளக்கமும் வாசலில் நிற்கும் லிண்டாவ் தீவு. தீவுக்குள் அறை விலை அதிகம். பாலத்துக்கு இந்தப்பக்கம் தங்கிவிட்டு சாயங்காலம் உள்ளே போய்வரலாம்.

ஆறாம் நாள் வேண்டுமென்றே சின்னது. லிண்டாவிலிருந்து பிரேகென்ஸ் 10 கிலோமீட்டர், அங்கிருந்து ஹார்ட் இன்னும் ஐந்து. ஆஸ்திரியா வந்துவிடும். பிரேகென்ஸிலிருந்து கேபிள் காரில் 1064 மீட்டர் ஃபேண்டர் மலைக்குப் போனால் இதுவரை சுற்றி வந்த ஏரி முழுதும் கீழே விரிந்து கிடக்கும். வேகக் கட்சிக்காரர்களை மலையைச் சைக்கிளிலேயே ஏறச் சொல்லுங்கள், ஆறு நாளாக அடக்கி வைத்த ஆசை தீரட்டும். மற்றவர்கள் கரையில் குளித்துக்கொண்டிருக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலோடு நின்றுவிடுங்கள், சில இடங்களில் அடிநிலம் திடீரென்று சரிந்துவிடும்.

ஏழாம் நாள் ஹார்டிலிருந்து கான்ஸ்டன்ஸ், 60 கிலோமீட்டர் அளவில். ரைன் ஏரியில் வந்து சேரும் டெல்டாவைத் தாண்டி சுவிட்சர்லாந்து. ரோர்ஷாக், ஆர்போன், ரோமன்ஸ்ஹோர்ன் என்று கரையை ஒட்டியே பாதை, பக்கத்திலேயே தண்டவாளம். இருப்பதிலேயே நீளமான நாளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அந்தத் தண்டவாளம்தான். எதிர்க்காற்று அடித்தால் எந்த ஊரிலும் ஏறிக்கொள்ளலாம். க்ரொய்ஸ்லிங்கனுக்கும் கான்ஸ்டன்ஸுக்கும் நடுவே ஏரிக்கரையில் எல்லை வேலி கிடையாது. 2006ல் அதை அகற்றிவிட்டு, அந்தக் கோட்டில் 22 எஃகுச் சிற்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள். குழுப் படம் எடுக்க நல்ல இடம், ஒரு கால் இந்த நாட்டில் ஒரு கால் அந்த நாட்டில்.

பூந்தோட்டத் தீவான மைனாவை நான் சேர்க்கவில்லை. நுழைவுக் கட்டணம் கணிசம், சைக்கிளை வாசலிலேயே விட வேண்டும், பார்க்க அரைநாள் பிடிக்கும். பூப்பிரியர்கள் ஒரு நாள் முன்னதாக வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலும் படகும்

ஜெர்மன் பிராந்திய ரயில்களில் சைக்கிள் ஏற்றலாம். பாடன்-வுர்ட்டம்பர்க் பகுதியில் வாரநாள் காலை நெரிசல் நேரம் தவிரப் பெரும்பாலும் இலவசம். லிண்டாவ் இருக்கும் பவேரியா மாநிலத்திலும் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்திலும் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும். ஆறு சைக்கிள் ஒரே பெட்டியில் ஏறாது, இரண்டு இரண்டாகப் பிரிந்து ஏறுங்கள். ஏறுவதற்கு முன்பே பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். சுற்றுலாப் படகுகளும் சைக்கிளை ஏற்றும், ஆனால் கூட்ட நாளில் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். கார் படகுகளில் அந்தக் கவலை குறைவு. ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து ரோமன்ஸ்ஹோர்னுக்கும் ஒன்று போகிறது. மழை இரண்டு நாளைத் தின்றுவிட்டால் இதில் ஏறிக் கிழக்குப் பகுதியை விட்டுவிட்டே சுற்றை முடிக்கலாம்.

சாப்பாடு

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும் போட்ட ஸ்பேட்ஸ்லே என்ற நூடுல்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், ஒரு தட்டு சாப்பிட்டால் அடுத்த இருபது கிலோமீட்டருக்குக் கவலையில்லை. மெல்லிய மாவில் வெங்காயம், கிரீம் போட்டுச் சுடும் டின்னலேயைப் பன்றிக்கறி இல்லாமல் கேட்டு வாங்குங்கள், வழக்கமாக அது போட்டுத்தான் வரும். காலையில் பேக்கரியில் வெண்ணெய் தடவிய பிரெட்சல் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீன் பிரியர்களுக்கு ஒரு செய்தி: இந்த ஏரியின் அடையாளமான ஃபெல்ஷன் மீன் குறைந்துபோனதால், பெரிய ஏரிப் பகுதியில் அதைப் பிடிக்க 2024 தொடக்கத்தில் மூன்றாண்டுத் தடை போட்டார்கள். பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஏழு நாளும் ரொட்டி என்றால் நாலாம் நாள் முகம் வாடும். சமையலறை உள்ள விடுமுறை வீடு இரண்டு இரவுக்காவது பிடியுங்கள். சூரிச்சில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, வரும் வழியில் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் ஒரு பாக்கெட் அப்பளமும் வாங்கி வந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும். தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிற்றுக்கும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். ஜெர்மன் உணவகத்தில் தண்ணீர் கேட்டால் பாட்டிலும் பில்லும் வரும். பாட்டிலை அறையிலேயே குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். சுவிஸ் ஊர்களின் தெருக்குழாய் நீரூற்றுகளில், குடிநீர் அல்ல என்று பலகை இல்லாத வரை, தாராளமாகப் பிடிக்கலாம்.

வானிலை

கரையில் ஆங்காங்கே ஆரஞ்சு நிற விளக்குகளைப் பார்ப்பீர்கள். படகுகளுக்கானவை, ஆனால் உங்களுக்கும் பயன்படும். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று அர்த்தம். 90 முறை மின்னினால் புயல் எச்சரிக்கை. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, வேகமாக மின்னுவது பார்த்ததுமே தெரியும். வேகமாக மின்னினால் தண்ணீரில் இருப்பவர்கள் உடனே வெளியே வர வேண்டும், சைக்கிளில் இருப்பவர்கள் மரத்தடியில் ஒதுங்காமல் அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டும். மழைக்கோட்டு எப்போதும் பையின் மேலேயே இருக்கட்டும், அடியில் வைத்தால் எடுப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள்.

திருப்பிக் கொடுப்பது

சைக்கிளைத் திருப்பும் நேரத்தை எடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். பல கடைகள் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடும், தாமதமானால் இன்னொரு நாள் வாடகை. எடுக்கும்போது இருந்த கீறல்களைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தால் அங்கே பேச்சு நீளாது. வெள்ளிக்கிழமை மாலை விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். அன்று இரவு கான்ஸ்டன்ஸில் தங்கி, சனிக்கிழமை காலை ரயிலில் சூரிச் போங்கள்.